மாஹ்பாரா பேகத்தின் ஒற்றைத் தும்மல்

மாஹ்பாரா பேகம் பிறந்தபோது அழவில்லை. தும்மினாள். ஒரே ஒரு முறை.

மருத்துவச்சி கத்தியைக் கையில் எடுத்திருந்தாள். தொப்புள்கொடியை அறுக்க வேண்டிய நேரம். கையை அப்படியே நிறுத்தி, இரண்டாவது தும்மல் வருமா என்று குழந்தையின் மூக்கைப் பார்த்தாள். வரவில்லை. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டாள்.

ஒற்றைத் தும்மல் வந்தால் செய்ய இருந்த காரியத்தை நிறுத்த வேண்டும். இரட்டைத் தும்மல் வந்தால் உடனே செய்ய வேண்டும். இஸ்பஹானில் இது தெரியாமல் யாரும் வளர்வதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இதனால் பெரிய இடைஞ்சல் கிடையாது. நின்று, ஏழு தடவை நபிமேல் ஸலவாத் சொல்லிவிட்டு, துடைப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்வோம். அரச குடும்பத்துத் தும்மல் வேறு. யாருடையது, எதைச் செய்யும்போது வந்தது என்று எழுதி அரண்மனைச் சோதிடருக்கு அனுப்ப வேண்டும். அவர் கிரகங்களைப் பார்த்து அடுத்த நல்ல வேளையைச் சொல்வார். அன்று அவர் யாரோ ஒரு தளபதியின் தோட்டத்தில் விருந்தில் இருந்தார். தாயும் மகளும் பிற்பகல் தொழுகை வரை ஒரே கொடியில் கிடந்தார்கள்.

அப்போதைய ஷாவுக்கு அவள் பதினாறாவது மகள். பதினேழாவதாகவும் இருக்கலாம். அந்த வாரம் இருவர் பிறந்தார்கள். யார் முதல் என்பதில் இரண்டு தாய்மார்களும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பிறகு அவளுடைய அண்ணன் ஷா ஆனார். பிறகு அண்ணன் மகன். இந்த ஷாவுக்கு அவள் அத்தை. அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அது எந்த அத்தை என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு எட்டு வயதானபோது அவளோடு விளையாட என்று என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்கு ஆறு. என் பெயரை ஸனோபர் என்று மாற்றினார்கள். ஸனோபர் என்றால் ஊசியிலை மரம். ஒல்லியாக இருந்தேன். விளையாட்டு அதிகம் நடக்கவில்லை. பொம்மைக்குக் கல்யாணம் வைத்தால் நடுவில் தும்மிவிடுவாள். பொம்மையும் அரண்மனைப் பொம்மைதான் என்பதால் சோதிடரைக் கேட்க வேண்டியிருந்தது.

எழுத்துப் படிக்க ஐந்து வயதில் உட்கார வைத்தார்களாம். பேனாவை மையில் தொட்டதும் தும்மல். அடுத்த நல்ல வேளை நான்கு மாதம் கழித்து. அதற்குள் ஆசிரியை மஷ்ஹத் யாத்திரை போய் அங்கேயே ஒரு தேன் வியாபாரியைக் கட்டிக்கொண்டாள். மாஹ்பாரா பேகம் முதல் எழுத்தான அலிஃபை எழுதியது ஒன்பதாவது வயதில்.

பதினான்கில் முதல் நிச்சயம். மாப்பிள்ளை ஓர் ஆளுநரின் மகன். திரைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் முல்லா. சம்மதமா என்று மூன்று முறை கேட்பார்கள். முதல் இரண்டு முறை பெண் பேசக் கூடாது. மூன்றாவது முறை கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள். சம்மதம் வருவதற்கு முன்னால் தும்மல் வந்தது. ஏழு மாதம் தள்ளிப்போட்டார்கள். அந்த ஏழு மாதத்தில் ஆளுநர் பதவியை இழந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே கழுதையில் ஊரைவிட்டுப் போனதாகப் பேச்சு.

அந்தப்புரத்தில் அவளுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

“முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு பாரு,” என்றாள் ஒரு பெரிய அத்தை. “மூக்கா அது? தூதர்.”

இருபத்திரண்டில் இரண்டாவது நிச்சயம். மறுபடி தும்மல், மறுபடி தள்ளிப்போடல். காத்திருந்த மாப்பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. சதுக்கத்தில் குதிரைமேல் பந்தாட்டம் ஆடப் போனவர் குதிரையிலிருந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தன்னைக் குதிரை என்று நினைத்துக்கொண்டார். மாஹ்பாரா பேகத்தின் மூக்கு இப்போது அந்தப்புரம் முழுவதற்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. எந்த பேகம் மருதாணி வைப்பதானாலும், பல் பிடுங்குவதானாலும், அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக் கால் மணி நேரம் மூக்கைப் பார்ப்பார்கள்.

அந்தத் தும்மலில் சகுனம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் புகை ஆகாது. அவ்வளவுதான்.

எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் முதலில் கண்ணேறு கழிக்க இஸ்பந்த் விதையைக் கங்கில் போட்டுப் புகை காட்டுவார்கள். விதை படபடவென்று வெடிக்கும். தலையைச் சுற்றி மூன்று தரம் காட்டுவார்கள். மூன்றாவது சுற்றில் அவள் தும்முவாள். பொம்மைக் கல்யாணத்துக்கும் புகை போட்டிருந்தோம். எனக்கு இது பன்னிரண்டு வயதில் புரிந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னேன்.

சொல்ல வேண்டிய இடம் யாகூத் ஆகா. அந்தப்புரக் காவலுக்குத் தலைவர். ஆகாக்கள் சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனைக்கு வந்தவர்கள்; பெண்கள் இருக்கும் இடத்தில் நடமாடலாம். யாகூத் ஆகா நல்ல மனிதர். உயரமானவர். அதனால் எதையும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. குனிந்தால் முதுகு வலிக்கும் என்பதால் பாதிதான் கேட்பார்.

“புகை போடறதாலதான் தும்மல் வருது, ஆகா.”

“தும்மல் வர்றது எதனால? யாரோ கண்ணு வச்சிருக்காங்க.”

“இல்ல ஆகா, புகை.”

“கண்ணு வச்சா என்ன செய்யணும்?”

“புகை போடணும்.”

“தெரியுதுல்ல. இன்னும் ஒரு பிடி சேர்த்துப் போடச் சொல்றேன்.”

இருபத்தாறு வருஷம் இதே பேச்சை அவரோடு பேசினேன். பிடி மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது காஷானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீர்ஸா ரஸி என்பவர், நபி வழிவந்த குடும்பம், மனைவியை இழந்தவர், ஒரு தர்காவை நிர்வகிக்கிறவர். அவர் தாத்தா செய்த ஏதோ ஒரு உதவிக்காக அரச குடும்பத்தில் பெண் தருவதாகப் பழைய வாக்கு இருந்ததாம். அரண்மனையில் மீந்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்து, ஷா ஒரு பெயரில் விரல் வைத்தார். பிறகு மீர்ஸா ரஸி மரியாதைக்குப் பெண்ணுக்கு எழுதிய இன்னொரு கடிதம் பேகத்தின் கைக்கு வந்தது.

“வீட்டில் பதினொரு அறைகள். கோடைக்கு ஒரு நிலவறை. தேள்கள் உண்டு, மறைப்பதற்கில்லை. சாப்பிட்டதும் தூங்கிவிடுவது என் வழக்கம். அப்போது என்னிடம் சொல்லப்படும் எதற்கும் நான் பொறுப்பல்ல. சமையலறை இப்போது யார் பொறுப்பிலும் இல்லை. கதவுகள் எல்லாம் உள்ளிருந்து தாழிடக் கூடியவை.”

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு கடைசி வரியை மட்டும் படித்தாள்.

“உள்ளேர்ந்து தாழ்ப்பாள், ஸனோபர்.”

“தேள் இருக்காமே, பேகம்.”

“தேள் என்ன, வந்து நின்னு, இப்ப எழுந்திருக்கலாம், இப்ப கூடாதுன்னு சொல்லப்போகுதா?”

“கொட்டும்.”

“கொட்டிட்டுப் போயிடும் இல்ல? போகாம உக்காந்திருக்காது.”

அந்தப்புரத்தில் எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நான் வந்த முப்பது வருஷத்தில் அவள் நினைத்த நேரத்தில் நினைத்த காரியத்தைச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, தூங்குவதைத் தவிர. அதிலும் எழுப்பிவிடுவார்கள்.

ஷாவின் உத்தரவை யாகூத் ஆகா வந்து சொன்னார். துல்ஹஜ் மாதம் முடிவதற்குள் பெண் காஷான் போய்ச் சேர வேண்டும். முஹர்ரம் பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே கூடாது. அதற்குள் போய்ச் சேராவிட்டால், துக்க மாதங்கள் கழிந்ததும் ஹூரீ பேகத்தை அனுப்பிவிடுவார்கள். ஹூரீ பேகத்துக்குப் பதினெட்டு வயது. தும்மலே வராது. காரத்தை நேரே மூக்கில் வைத்தாலும் வராது என்று அவள் அம்மா வைத்துக் காட்டியிருக்கிறாள்.

“எத்தனை நாள் இருக்கு, ஆகா?”

“இருபது. போய்ச் சேர அஞ்சு.”

“அப்ப நிறைய இருக்கு.”

“உங்களுக்கு இல்ல, பேகம்,” என்றார் ஆகா. கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

அந்தப்புரத்துப் பெண்கள் தெருவில் போவதென்றால் குரூக் அறிவிப்பார்கள். முதல் நாளே பறையடிப்பவர்கள் போய்ச் சொல்லிவிடுவார்கள். குரூக் உள்ள தெருவில் ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண் எவனும் இருக்கக் கூடாது. கடையை, வீட்டை, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளியோ, உயரச் சுவருக்கு அப்பாலோ போய்விட வேண்டும். அகப்பட்டால் தலை போகும். பெண்கள் இருக்கலாம், ஊர்வலம் கடந்துபோகும்வரை குனிந்து நிற்க வேண்டும். எனவே அரண்மனையிலிருந்து வடக்கு வாசல் வரை, சதுக்கம், பெரிய கடைத்தெரு, செப்புப் பாத்திரக்காரர் வரிசை எல்லாம் காலியாகிவிடும். குளியல்கூடத்திலிருந்து பாதிக் குளியலில் ஓடுவார்கள். நாவிதரிடம் பாதித் தலையோடு ஓடுவார்கள்.

முதல் பயணம் அப்படித்தான் தொடங்கியது. ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கூண்டுகள். ஒன்றில் அவள், மற்றதில் நான். அவள் பருமனானவள். எடை சரியாக வராததால் என் பக்கம் ஆறு முலாம்பழம் ஏற்றினார்கள். பிலால் என்ற இளைய ஆகா கயிற்றைப் பிடித்தார். யாகூத் ஆகா தூபக் கலசத்தோடு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

தும்மினாள்.

இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். இறக்கக் கூடாதாம். ஏறிய வேளைக்கு ஒரு பலன் இருந்ததால், இறங்குவதற்கும் ஒரு வேளை பார்க்க வேண்டும். சோதிடர் ஆண் என்பதால் அவரும் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார். அவரைத் தேடிப்போன ஆகா சாயங்காலம்தான் திரும்பினார். அதுவரை ஒட்டகத்தின் மேலேயே இருந்தோம். எனக்குப் பசித்தது. ஒரு முலாம்பழம் சாப்பிட்டேன். அவள் பக்கம் தாழ்ந்தது.

“ஏய், நான் கீழ போறேன்.”

“ஒரு பழம்தான், பேகம்.”

“இன்னொண்ணு சாப்பிட்டேன்னா, நான் நடந்தே காஷான் போயிடுவேன்.”

அதற்குள் ஊரெல்லாம் ஆண்கள் தெரு முனைகளில் நின்று காய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஏழு நாள் கழித்து இரண்டாவது பயணம். இந்த முறை பேகம் மூச்சை அடக்கிக்கொண்டாள். முகத்திரைக்குள் ஈரத் துணியை மூக்கில் கட்டியிருந்தேன். புகை மூன்று சுற்று சுற்றிப் போனது. தும்மல் இல்லை. அரண்மனை வாசலைத் தாண்டினோம். சதுக்கத்தைத் தாண்டினோம். அவள் கூண்டின் திரைக்குள்ளிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கடைத்தெருவில் பாதி தூரம் போயிருப்போம். யாகூத் ஆகாவுக்கு இவ்வளவு தூரம் நல்லபடியாக வந்தது பயமாக இருந்திருக்கிறது. யாராவது கண் வைத்துவிடுவார்களே என்று கலசத்தில் இரண்டு பிடி போட்டு, அவள் திரையை விலக்கி உள்ளேயே காட்டிவிட்டார்.

தும்மினாள்.

நின்ற இடம் ஒரு ரொட்டிக் கடைக்கு எதிரில். உள்ளே அடுப்பில் சூடான கூழாங்கற்கள்மேல் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அங்கே குனிந்து நின்ற ஒரு பெண் நிமிர்ந்தாள். ரொட்டிக்காரர் ஹைதரின் மனைவி, பெயர் தூபா. கையில் நீண்ட இரும்புக் கம்பி. நேரே பேகத்தின் கூண்டருகே வந்தாள்.

“பேகம், மன்னிக்கணும். ஒண்ணு கேக்கலாமா?”

“தூரப் போம்மா,” என்றார் ஆகா.

“நீங்க சும்மா இருங்க, ஆகா,” என்றாள் பேகம். “கேளு.”

“நீங்க போறதா, போகலையா?”

பேகத்திடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“போகணும்னுதான் இருக்கேன்.”

“ஏன்னா ரெண்டு தடவை மாவு புளிச்சுப் போச்சு. நூறு ரொட்டி கரியாப் போச்சு. தெருவுல நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுது. எங்க வீட்டுக்காரர் தெருமுனையில நின்னு என்னைத் திட்றார், நான் என்னமோ தும்மின மாதிரி.”

“நீயே எடுத்திருக்கலாமே ரொட்டியை.”

“குனிஞ்சு நிக்கணுமே, பேகம், நீங்க போறவரைக்கும். குனிஞ்ச முதுகை வச்சுக்கிட்டு அடுப்புல கை விட்டா தலைமுடி போயிடும். நாவிதர் வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. ஏழு பேர் பாதித் தலையோட திரியறாங்க. எந்தப் பாதின்னு சண்டை வேற.”

“எனக்கு இன்னும் ஒரு தும்மல் வந்தா போதும்,” என்றாள் பேகம். “வரமாட்டேங்குது. பொறந்ததுலேர்ந்து ஒண்ணுக்கு மேல வந்ததில்ல.”

“ஒண்ணுதான் குறையுதா?”

“ஒண்ணுதான்.”

எனக்கு அப்போதுதான் தோன்றியது. என் கூண்டிலிருந்து எட்டிச் சொன்னேன்.

“ரெண்டாவது தும்மல் அதே மூக்குலேர்ந்து வரணும்னு எங்கயும் எழுதலையே.”

மூவரும் யாகூத் ஆகாவைப் பார்த்தோம். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். யோசித்தார்.

“எழுதலதான்,” என்றார். “ஆனா நிஜத் தும்மலா இருக்கணும்.”

“எங்க வீட்டுக்காரர் தும்மினா கூரையில புறா பறக்கும்,” என்றாள் தூபா. “மாவுல பொறந்து வளர்ந்தவர். நான் சொல்லிடறேன். நீங்க இங்க தும்முங்க, அவர் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு தும்முவார். ஒண்ணு. முடிஞ்சது.”

“ஆம்பளைத் தும்மல் குரூக்குக்குள்ள கேக்கலாமா?” என்றார் ஆகா.

“குரலா அது? மூக்கு தானே,” என்றாள் பேகம்.

அன்றைக்கும் திரும்பிப் போனோம். இறங்க வேளை பார்த்ததில் கொஞ்சம் சீக்கிரம். பிற்பகல் தொழுகைக்கு முன்பே இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது நாளைச் சோதிடர் குறித்துக் கொடுத்தார். முஹர்ரத்துக்கு ஏழு நாள் இருந்தது. அதற்குப் பிறகு வேளையே இல்லை என்றும் எழுதியிருந்தார். ஹூரீ பேகத்தின் அம்மா மகளுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். ஹூரீ பேகம் எங்கள் அறைக்கு வந்து அழுதாள். அவளுக்குத் தேள் என்றால் பயம்.

“கவலைப்படாதே,” என்றாள் பேகம். “உன் தேளையும் நானே பாத்துக்கறேன்.”

அந்த இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மீர்ஸா ரஸியின் கடிதத்தை எடுப்பாள், மடிப்பாள். மூன்றாம் நாள் காலையில் கூண்டில் ஏறும்போது அவள் பக்கம் முன்போலத் தாழவில்லை. என் பக்கத்திலிருந்து இரண்டு பழத்தை இறக்கினார்கள்.

“ஸனோபர்.”

“பேகம்.”

“இன்னிக்கும் திரும்பிட்டா, நான் இனிமே எதுக்கும் தும்ம மாட்டேன். மூச்சு விடறதையே நிறுத்திடுவேன்.”

வேடிக்கையாகச் சொன்ன மாதிரி இல்லை.

கடைத்தெருவில் தூபாவின் கடைக்கு எதிரில் வந்தோம். அரண்மனையில் காட்ட வேண்டிய புகையை அங்கே வைத்துக்கொள்ள யாகூத் ஆகா ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்கூடக் குனிந்து நிற்கவில்லை. எல்லாரும் பேகத்தின் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாகூத் ஆகா கலசத்தைக் கொண்டுவந்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

தும்மினாள்.

இடப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்து ஹைதரின் தும்மல் வந்தது. தூபா பொய் சொல்லவில்லை. புறாக்கள் எழுந்தன. இரண்டு. பிலால் கயிற்றை இழுத்தார். ஒட்டகம் ஓர் அடி வைத்தது.

சுவருக்கு அப்பாலிருந்து இன்னொரு தும்மல்.

பிலால் நின்றார். யாகூத் ஆகா தூபாவைப் பார்த்தார்.

“இது யாரு?”

“நாவிதரா இருக்கும்,” என்றாள் தூபா. “எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்டதான் சொன்னார். அவர் யார்கிட்ட சொன்னாரோ.”

அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். சுவருக்கு அப்பால் கடைத்தெரு முழுவதும் நின்றிருந்தது. குளியல்கூடத்து ஆட்கள், பாத்திரக்காரர்கள், பாதித் தலைக்காரர்கள் ஏழு பேர். ஹைதர் ஒருவரை நம்பிக் காரியத்தை விடக் கூடாது என்று ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து மிளகுப்பொடி கொண்டுவந்திருந்தார்கள். அன்று காற்றும் இருந்தது. ஒருவர் திறந்த பொடி எல்லார் மூக்கிலும் ஏறியது.

தும்மல் மழை மாதிரி வந்தது. ஒட்டகம் காதை மடக்கிக்கொண்டது.

“எண்ணுங்க,” என்று கத்தினார் யாகூத் ஆகா. “எல்லாரும் எண்ணுங்க. ஒத்தைன்னா நில்லு, இரட்டைன்னா நட.”

நான்கு ஆகாக்கள் சுவரோரம் காது வைத்து எண்ணினார்கள்.

“முப்பத்தி ஒண்ணு.”

“நில்லு.”

“முப்பத்தி ரெண்டு.”

“நட.”

“முப்பத்தி மூணு.”

“நில்லு. நில்லுன்னா நில்லு.”

ஒட்டகம் ஒரு காலைத் தூக்கும். வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தூக்கிய காலை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. என் கூண்டு முன்னால் போனால் பேகத்தின் கூண்டு பின்னால் போயிற்று. பழங்கள் என் மடியில் உருண்டன. ஓர் ஆகா ஐம்பத்தி ஆறு என்றார், இன்னொருவர் ஐம்பத்தி ஏழு என்றார்.

“அது தும்மல் இல்ல, இருமல்.”

“இருமல்ல இப்படி எச்சில் தெறிக்காது.”

“நீ இங்கேர்ந்து எச்சிலைப் பாத்தியா?”

“சோதிடரைக் கேட்டு வா,” என்றார் யாகூத் ஆகா. ஓர் ஆகா சுவரின் மறுபக்கம் ஓடினார். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்ன சொன்னார்?”

“சொல்ல வாயைத் திறந்தார், ஆகா. தும்மிட்டார்.”

“எத்தனை?”

“பாக்கும்போது மூணு.”

“அது நம்ம கணக்குல சேருமா?”

“அதைத்தான் கேட்டேன். மறுபடி தும்மினார்.”

யாகூத் ஆகா கலசத்தைக் கீழே வைத்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு வயது எழுபது. ஒரு தும்மலைக்கூடக் கணக்கில் விடாமல் அந்தப்புரத்தை நடத்தியவர்.

“திருப்பிக் கொண்டுபோயிடலாம்,” என்றார் மெதுவாக. “கணக்கு தெளிஞ்சப்பறம் பாக்கலாம்.”

பிலால் ஒட்டகத்தின் தலையைத் திருப்பினார்.

பேகத்தின் கூண்டுத் திரை விலகியது. குரூக்கில் திரை விலகக் கூடாது. அவள் முகத்திரையையும் எடுத்துவிட்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“தூபா.”

“சொல்லுங்க, பேகம்.”

“ஒட்டகம் ஓட்டுவியா?”

“கழுதை ஓட்டியிருக்கேன். இதுவும் அப்படித்தானே, கொஞ்சம் மேல இருக்கு.”

“கயித்தைப் பிடி.”

தூபா இரும்புக் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிலாலின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். எப்படிக் கொடுத்தார் என்று பிறகு கேட்டபோது, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்று பழகினவன், அவள் கை நீட்டினால் கொடுத்துவிடுவேன் என்றார்.

“பேகம்,” என்றார் யாகூத் ஆகா. “இப்ப ஒத்தையில இருக்கோம். நூத்தி பதினேழு.”

“நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, ஆகா.”

“ஒத்தையில கிளம்பக் கூடாது, பேகம்.”

“அடுத்தது இரட்டைதானே?”

ஆகா குனிந்தார். இந்த முறை முழுவதும் கேட்டார் என்று நினைக்கிறேன். சுவருக்கு அப்பாலிருந்து ஒன்று வந்தது.

“நூத்தி பதினெட்டு,” என்றார்.

தூபா இழுத்தாள். ஒட்டகம் நடந்தது. நூற்றுப் பத்தொன்பதுக்கு அவள் நிற்கவில்லை. நூற்று இருபதுக்கும் வேகம் கூட்டவில்லை. ரொட்டிக்காரி நடக்கிற மாதிரி நடந்தாள். செப்புப் பாத்திரக்காரர் வரிசையைக் கடந்தோம். பெண்கள் வழிவிட்டார்கள். யாரோ ஒருத்தி “போய்ச் சேருங்கம்மா” என்றாள். யாரோ ஒருத்தி “மறுபடி வந்துடாதீங்க” என்றாள். அதையும் அன்பாகத்தான் சொன்னாள்.

பின்னால் யாகூத் ஆகாவின் குரல் எண்ணிக்கொண்டே சிறிதாகிவந்தது. வடக்கு வாசலின் காவல் ஆகாக்கள் எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்தார்கள். நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாசலுக்கு வெளியே வெயில். மூட்டைக் கழுதைகள் எங்களுக்காக மூன்றாவது முறையாகக் காத்திருந்தன. பிலால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். தூபா கயிற்றை அவரிடம் கொடுத்தாள்.

“அடுப்புல ரொட்டி இருக்கு,” என்று சொல்லிவிட்டு, பேகத்தின் கூண்டை ஒரு தட்டு தட்டினாள், மாவைத் தட்டிப் பதம் பார்ப்பதுபோல. திரும்பி ஓடினாள்.

பிலால் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நடக்கவில்லை.

“என்ன?” என்றாள் பேகம்.

“ஓடி வந்ததுல எண்ணிக்கையை விட்டுட்டேன், பேகம். ஒத்தையா இரட்டையான்னு தெரியலை.”

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள். “நட.”